மூன்றாம் நாள் திரும்பிய பூசணிகள்

நகரத்துக்கு முதன்முதலாக லாரியில் ஏற்றி அனுப்பிய எண்ணூறு வரிப்பூசணிகளில் எழுநூற்று நாற்பத்து மூன்று, மூன்றாம் நாள் மதியம் திரும்பி வந்தன. சாலையின் இடது ஓரமாக, ஆள் நடக்கிற வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்தன. ரயில்வே கேட் மூடியிருந்த பத்து நிமிடமும் வரிசை கலையாமல் காத்திருந்தன. சரிவு தொடங்கும் வளைவில் கொஞ்சம் திணறினாலும் நிற்கவில்லை. மேலே ஏறியதும் எந்தத் தோட்டத்தில் பறித்தார்களோ அந்தத் தோட்டத்துக்குப் பிரிந்து போய், காம்பு மேலே இருக்கும்படி உட்கார்ந்துகொண்டன. கடையில் பாதியாக அறுத்து வைத்தவை இரண்டு துண்டும் சேர்ந்தே வந்தன. ஐம்பத்தாறு பூசணிகள் அதற்குள் சமையலாகிவிட்டிருந்தன. அவற்றைச் சாப்பிட்டவர்கள் அன்று மதியம் காரணம் தெரியாமல் வாசலுக்கு வந்து, சரிவு இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றதாகப் பின்னால் தெரிய வந்தது. கணக்கில் மிச்சம் ஒன்று. அது வரவில்லை.

சரிவில் பன்னிரண்டு குடும்பங்கள் வரிப்பூசணி போட்டன. குழந்தையின் தலையளவு காய், பச்சையில் வெள்ளை வரி, பறித்து ஐந்து மாதம் வைத்திருந்தாலும் கெடாது. வேறு மண்ணில் விதைத்தால் முளைக்கும், கொடி ஓடும், காய் மட்டும் சுண்டிப் போகும். தார்ச்சாலை வருவதற்கு முன்பு அடிவாரத்து வாரச் சந்தையோடு வியாபாரம் முடிந்துவிடும். அங்கே வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் முகப்பழக்கம் உண்டு என்பதால் எந்தப் பூசணியும் திரும்பி வந்ததில்லை. சாலை வந்த பிறகு சங்கம் தொடங்கினார்கள். சரிவிலேயே பெரிய தோட்டம் வைத்திருந்தவர் தலைவரானார். அவருடைய தங்கை விற்பனைச் செயலாளரானாள். காயை மூன்று அளவாகத் தரம் பிரித்ததும், மூட்டைக்குப் பதில் வைக்கோல் பரப்பிய பெட்டி கொண்டுவந்ததும், நகரத்தில் நாற்பது கடை வைத்திருந்த நிறுவனத்தின் கொள்முதல் மேலாளரை ஏழு முறை போய்ப் பார்த்து ஒப்பந்தம் வாங்கியதும் அவள்தான். பூசணிகள் வரிசையாக ஏறி வந்ததைச் சங்கத்து வாசலில் நின்று பார்த்தவள், முதலில் செய்தது நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்ததுதான்.

வராத அந்த ஒன்றைத் தேடி அவள் பஸ் ஏறினாள். லாரி டிரைவர் தன் அத்தைக்குக் கொடுத்த காய் அது. அத்தை அதில் முக்கால்வாசியைச் சமைத்து முடித்து, மீதியை ஜன்னல் திண்டில் வைத்திருந்தாள். எங்கேயும் போகும் எண்ணம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. டிரைவர் இதைக் கொடுக்கும்போது என்ன சொன்னான் என்று செயலாளர் கேட்டாள்.

"என்னத்தைச் சொன்னான், மேல யாரோ தெத்துப்பல்லுக்காரராம், பேசினா எச்சி தெறிக்குமாம், அவர் தோட்டத்துக் காய்னு சொன்னான்" என்றாள் அத்தை. "ஏம்மா, திருட்டுக் காயா?"

யார் விளைவித்தது என்று தெரிந்து வாங்கினால் நிற்கிறது, தெரியாவிட்டால் போய்விடுகிறது. அவள் ஊர் திரும்பி, ஆறு காய்களை வைத்து ஒரு மாதம் சோதித்துப் பார்த்து இதை உறுதி செய்துகொண்டாள். கொள்முதல் மேலாளர் எதற்கும் பதறாத மனிதர். கடையில் அலமாரி காலியாகிற பிரச்சினையாக மட்டுமே அவர் இதைப் பார்த்தார். தன் நிறுவனத்து ஓவியரை வைத்து ஒரு ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். வெள்ளை மீசையும் வரிசைப் பல்லுமாக ஒரு விவசாயி பூசணியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு சிரித்தார். அப்படி ஒருவர் உலகத்திலேயே இல்லை. அந்த லாரிச் சரக்கு மூன்றாம் நாள்வரைகூடப் பொறுக்காமல் இரண்டாம் நாளே வந்து சேர்ந்தது.

அதன்பிறகுதான் அவள் ஒவ்வொரு தோட்டமாகப் போய்ப் படம் எடுத்தாள். பன்னிரண்டு படம், பன்னிரண்டு ஸ்டிக்கர், ஒவ்வொன்றிலும் அவள் கைப்பட எழுதிய இரண்டு வரி. 'காலையில் யாரிடமும் பேசமாட்டார். கொடியிடம் பேசுவார்.' 'மூன்று பெண்களின் அப்பா. வாய்க்கணக்கில் தப்பு விடுவார், விதைக்கணக்கில் விடமாட்டார்.' தெத்துப்பல்லுக்காரர் வாயை மூடிக்கொண்டு படமெடுக்கக் கேட்டதற்கு அவள் ஒப்பவில்லை. லாரி போயிற்று. மூன்றாம் நாள் மதியம் சரிவு முழுக்கச் சாலையைப் பார்த்தபடி இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பூசணிகள் மட்டும் வந்தன. அத்தனையும் ஒரே ஸ்டிக்கர். 'சங்கத் தலைவர். முன்னோடி விவசாயி.'

ஸ்டிக்கர் பசை சரியில்லை என்றார் தலைவர். அடுத்த முறை நல்ல பசை போட்டார்கள். படம் சின்னதாக இருக்கிறது என்றார். பெரிதாக்கினார்கள். தன் படத்துக்குக் கீழே அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள். மூன்று லாரியில் மூன்று முறையும் மற்ற பதினோரு பேர் காய் நகரத்தில் நின்றது, தலைவர் காய் திரும்பியது. சங்கத்தின் மொத்தச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அவ்வளவு குறைந்தால் ஒப்பந்தத்தில் சொன்ன அளவு நிறையாது.

திரும்பி வருகிற அண்ணன் காய் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பது செயலாளருக்கு முதல் முறையே தெரியும். அண்ணன் வீட்டு முற்றத்துக்கு அவை போகவில்லை. அவருடைய மேட்டுத் தோட்டத்து பம்ப் ஷெட் வாசலில் போய் நின்றன. வந்த காயெல்லாம் நோட்டில் ஏறியது. நின்ற இடத்தை மட்டும் அவள் எழுதவில்லை.

பம்ப் ஷெட்டில் இருந்தவன் அவளுடைய தம்பி. சரிவில் அவனைச் சின்னவன் என்பார்கள், அதையும் தலைவர் காதில் விழாமல்தான் சொல்வார்கள். அப்பா போன பிறகு வெளியூர் வேலைக்குக் கிளம்பினவன், வரி கட்ட, மின் இணைப்பு மாற்ற எதற்காவது தேவைப்படும் என்று அண்ணன் கேட்டதால் எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். பதினான்கு மாதம் கழித்து வந்தபோது அந்தத் தாள் நிரம்பியிருந்தது. தன் பாகத்துக்கு உரியதை முழுவதுமாகப் பெற்றுக்கொண்டு நிலத்தில் உரிமை விட்டதாக அதில் இருந்தது. அவன் சண்டைக்கும் போகவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. மேட்டுக்கு ஏறி பம்ப் ஷெட்டில் படுக்கையைப் போட்டான், மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்தான். ஒன்பது வருஷமாகக் குழி எடுப்பது, விதை போடுவது, கொடி திருப்புவது, காய்க்கு அடியில் வைக்கோல் செருகுவது எல்லாம் அவன்தான். தலைவர் அவனைக் கூலி ஆள் என்றார். ஊர் தலையாட்டிக்கொண்டது. பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள் அவள். போட்ட அதே மாதம்தான் சங்கத்தில் அவளுக்கு வேலையும் வந்தது.

ஏழாவது லாரியின் மூன்றாம் நாள், தலைவர் காய் ஒன்று வளைவில் பால்காரரின் வண்டிக்குக் குறுக்கே போனது. பால்காரர் விழுந்து கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கொட்டின பால் சாலையை நனைத்துக்கொண்டு இறங்கியது, பின்னால் வந்த நூற்றுத் தொண்ணூறு பூசணிகளும் அதைச் சுற்றிக்கொண்டு போயின. மறுநாள் சாலைத்துறை அலுவலர் நேரில் வந்தார். இன்னும் ஒருமுறை சரக்கு திரும்பினால் சரிவின் விளைச்சல் எதுவும் இந்தச் சாலையில் இறங்கக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். கொள்முதல் மேலாளர் போனில் தன் வழக்கமான குரலில், கடைசியாக ஒரு லாரி, முழு அளவு, ஒரு காய் திரும்பினாலும் ஒப்பந்தம் இல்லை என்றார். விஷயம் எப்படியோ பரவி, அந்த வாரமே மக்காச்சோள விதைக் கம்பெனியின் முகவர் வழவழப்பான தாள்களோடு சரிவேறினார். கொடியையெல்லாம் பிடுங்கிவிட்டுச் சரிவு முழுக்க ஒரே சோளம், விதை அவர்களே தருவார்கள், விளைந்ததை அவர்களே எடுப்பார்கள், சோளம் எங்கேயும் திரும்பி வராது. பன்னிரண்டு பேரில் ஆறு பேர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். பொதுக்கூட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது.

அவள் மேட்டுக்கு ஏறினாள். ஒன்பது வருஷத்தில் சாலையிலிருந்து பார்த்திருக்கிறாள், ஏறியதில்லை. தம்பி திரும்பி வந்த காய்களை வாசலில் அளவுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நரை வந்திருந்தது.

"எத்தனை?" என்றாள். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"நூத்தித் தொண்ணூத்தொண்ணு. அஞ்சுல கீறல்." அவன் நிமிரவில்லை. "ஒண்ணுல ரத்தம் இருந்துச்சு. கழுவிட்டேன். பால்காரர் எப்படி இருக்கார்?"

"படுத்திருக்கார். மூணு மாசம் ஆகுமாம்."

அவன் கையிலிருந்த காயைக் கீழே வைத்தான். அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். படம் ஒன்று எடுத்துக்கொள்கிறேன், உன் முகத்தை ஒட்டினால் நின்றுவிடும், பன்னிரண்டு குடும்பமும் பிழைத்துக்கொள்ளும் என்றாள். சொல்லச் சொல்லத் தன் குரல் கொள்முதல் மேலாளரின் குரல் மாதிரி இருப்பது அவளுக்கே கேட்டது.

"என் மூஞ்சி பெட்டிமேல, நிலம் அவர் பேர்ல" என்றான் தம்பி. "நல்லாத்தான் இருக்கு."

"உனக்கு என்னதான்டா வேணும்? பாகம் வேணுமா? நான் அண்ணன்கிட்டப் பேசறேன்."

"நீ பேசவே மாட்ட அக்கா. ஒன்பது வருஷமாப் பேசல." அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். "ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குக் கையெழுத்துப் போட்டியே, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சுட்டுத்தானே போட்ட?"

அவள் வாயைத் திறந்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"என்கிட்டச் சொல்லாத. எனக்குத் தெரியும். கூட்டத்துல சொல்லு. சொன்னா வந்து படத்துக்கு நிக்கறேன்."

கூட்டம் சங்கத்துப் பெட்டிக் கொட்டகையில் காலை பத்து மணிக்கு நடந்தது. கவிழ்த்த பெட்டிகள்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மேசையில் சாலைத்துறைக் கடிதத்தை ஒரு பக்கமும் சோளக் கம்பெனித் தாளை ஒரு பக்கமும் வைத்திருந்தார். பின்னால் அவர் மனைவி, செயலாளருக்கு அண்ணி, ஸ்டிக்கர் ஒட்டும் மேசையருகே நின்றிருந்தாள். தலைவர் சுருக்கமாகப் பேசினார். வேண்டுமென்றால் தன் காயில் தன் படத்துக்குப் பதில் சங்கத்து முத்திரையைப் போடலாம், அதுவும் நிற்காவிட்டால் காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறுவதில் தப்பில்லை என்றார். கை தூக்கச் சொல்லப் போகிற நேரத்தில் தங்கை எழுந்தாள். முன்னால் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க காய் ஏன் திரும்புதுன்னு எனக்குத் தெரியும்ணே."

"உக்காரு."

"மேட்டுத் தோட்டத்துல விளைவிக்கறது நீங்க இல்ல. தம்பி. அவன் பாகத்தை எழுதிக் குடுத்துட்டான்னு ஒரு பத்திரம் இருக்கு. அதுல சாட்சி நான். அவன் எதையும் வாங்கல. அது பொய். படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

கொட்டகையில் இருந்தவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை, ஆனாலும் எல்லாரும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவர்கள் மாதிரி தரையைப் பார்த்தார்கள். தலைவரின் கழுத்து சிவந்தது.

"இந்த வேலையை உனக்கு யாரு போட்டுக் குடுத்தது?"

"நீங்கதான்ணே. அதுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு அவளை நோக்கி வந்தார். அடிக்கப் போகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள், தெத்துப்பல்லுக்காரர் எழுந்தும் விட்டார். ஆனால் குறுக்கே வந்து நின்றது அண்ணி. கையில் கணவர் படம் போட்ட ஸ்டிக்கர் சுருள் முழுசாக இருந்தது.

"ஒன்பது வருஷமா அந்தப் புள்ளைக்கு மூணு வேளையும் தூக்குல சாப்பாடு கட்டி அனுப்பறேன்" என்றாள். "காலி தூக்கு திரும்பி வருதே, எங்கேருந்து வருதுன்னு ஒருநாள் கேட்டிருப்பீங்களா?" சுருளை அவர் கையில் திணித்தாள். "இதை நீங்களே வச்சுக்குங்க. நான் இனிமே ஒட்டமாட்டேன்."

தலைவர் சுருளைப் பார்த்தார். நூற்றுக்கணக்கான தன் முகங்கள். அதைக் கையில் பிடித்தபடியே வெளியே நடந்து போனார். சோளத்துக்கு அன்று யாரும் கை தூக்கவில்லை, பூசணிக்கும் தூக்கவில்லை. கடைசி லாரி போய் வரட்டும் என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். செயலாளர் அன்று மதியமே பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் சாட்சி பொய் என்று எழுதிக் கொடுத்தாள். இதற்கு உங்கள்மேல் வழக்கு வரலாம் என்று அங்கிருந்த எழுத்தர் எச்சரித்தார். வரட்டும் என்றாள். கையெழுத்து முதல் தடவை போட்டதைவிடத் தெளிவாக வந்தது.

தம்பி சொன்னபடி வந்தான். படத்துக்கு நின்றான், ஆனால் கேமராவைப் பார்க்கவில்லை. கொடியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் எடுத்ததைத்தான் போட வேண்டியிருந்தது. அடியில் எழுத அவளுக்கு இரண்டு வரி வரவில்லை. 'இவர்தான் விளைவித்தார்' என்று ஒன்றே எழுதினாள்.

லாரி போன மூன்றாம் நாள் காலையிலிருந்தே வளைவில் கூட்டம். சாலைத்துறை அலுவலர் ஜீப்பில் வந்து, நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். பன்னிரண்டு குடும்பமும் சாலையோரம் நின்றது. சோளக் கம்பெனி முகவரும் ஒதுங்கி நின்றார். தலைவர் மட்டும் வரவில்லை. தம்பி மேட்டில் வேலையில் இருந்தான், எட்டிப் பார்க்கவில்லை. பதினொன்றரைக்கு ரயில்வே கேட் மூடித் திறந்தது. பன்னிரண்டு ஆனது. சாலை வெறுமையாக வெயிலில் கிடந்தது. ஒரு பஸ் ஏறிப் போனது. பன்னிரண்டே கால். அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனார்.

அப்போது கீழே, இடது ஓரத்தில், உருண்டையாக ஒன்று தெரிந்தது.

அது தனியாக, மிக மெதுவாக, ஒரு பக்கம் நொண்டுவது போல உருண்டு வந்தது. பின்னால் இன்னும் வருகிறதா என்று எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தெத்துப்பல்லுக்காரரின் மனைவி அழ ஆரம்பித்தாள். அலுவலர் பேனாவை எடுத்தார். செயலாளர் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, அவள் நிற்கவில்லை. உருண்டுகொண்டிருந்த பூசணியை இரண்டு கையாலும் பிடித்தாள். அது கன்றுக்குட்டி மாதிரி முட்டித் தள்ளியது. விடாமல் மார்போடு அணைத்துத் தூக்கிச் சேற்றைச் சேலை முந்தானையால் துடைத்தாள். சேற்றுக்கு அடியில் அண்ணனின் முகம் இருந்தது. 'சங்கத் தலைவர். முன்னோடி விவசாயி.' பெரிதாக்குவதற்கு முன் அடித்த சின்ன ஸ்டிக்கர்.

"பழசு" என்று கத்தினாள். "இது பழசுங்க! நாலாவது லாரி! எங்கயோ சாக்கடையில கிடந்து இப்பத்தான் வருது!"

அலுவலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காயைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். சாக்கடைதான். 'பழைய சரக்கு, ஒன்று, தாமதம்' என்று எழுதிக்கொண்டார். அவள் கீழே விட்டதும் பூசணி கூட்டத்தின் கால்களுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனது. மாலைவரை வேறு எதுவும் வரவில்லை. முகவர் தன் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமலே இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. நான்காம் மாதம் தலைவர் யாரிடமும் சொல்லாமல் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரத்தை ரத்து செய்துவிட்டு வந்தார், தலைவர் பதவியையும் விட்டார். அதனால் தங்கைமேல் வழக்கு எதுவும் வரவில்லை. மேடு தம்பி பெயருக்கு ஆனது. பால்காரரின் வீட்டுக்கு அவர் நடக்கிறவரை சங்கம் செலவு பார்த்தது. நாற்பது கடை அறுபதானது. வாங்கியவர்கள் காய் விளைவித்தவருக்குக் கடிதம் போட ஆரம்பித்தார்கள். தெத்துப்பல்லுக்காரருக்கு மற்ற எல்லாரையும்விட அதிகக் கடிதம் வந்தது. அவ்வப்போது எந்தக் கடையிலாவது ஸ்டிக்கர் உரிந்துபோய் ஒன்றிரண்டு காய் திரும்பும். சாலைத்துறை வளைவில் ஒரு பலகை வைத்து, இடது ஓரத்தில் ஒரு முழ அகலம் விட்டு வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தது. வண்டிக்காரர்கள் கோட்டுக்கு உள்ளே வரமாட்டார்கள்.

அண்ணன் தங்கையிடம் இரண்டு வருஷம் பேசவில்லை. எதுவானாலும் அண்ணி வழியாகத்தான். மூன்றாம் வருஷம் விதைப்புக் காலத்தில் அவர் தன் பங்கு நிலத்தில் தானே நான்கு குழி வெட்டினார். குழி ஆழம் போதவில்லை, கொடியைத் தப்பான பக்கம் திருப்பினார், மேட்டிலிருந்து தம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒருநாள் இறங்கி வந்து வைக்கோல் கட்டு ஒன்றை வரப்பில் வைத்துவிட்டுப் போனான். பதினோரு காய் வந்தது. பாதி கோணல், எதுவும் முதல் தரம் இல்லை. அவற்றை அவரே தலையில் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டு வந்தார், படத்துக்கு உட்கார்ந்தார். செயலாளர் என்ன எழுதுவது என்று கேட்கவில்லை. 'இந்த வருஷம்தான் ஆரம்பித்திருக்கிறார்' என்று எழுதி ஒட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டுப் போனார்.

லாரி போன நான்காம் நாள் காலை அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"வந்துச்சா?"

"வரலண்ணே."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட வரல."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அடுத்த லாரிக்கு எத்தனை பெட்டி மடிக்க வேண்டும் என்று கேட்டு, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.